ஆணை அடுகோடி வரை

வண்டி நின்றுபோனதில் பிரிஸில்லாவைத் தவிர மற்ற எல்லாருக்கும் சந்தோஷம்தான்.

சூளகிரிக்குப் பக்கத்தில், ஹைவேயை ஒட்டி ஒரு ஓட்டல். முன்னால் பெரிய மண் தரை, ஓரத்தில் இரண்டு புளியமரம். வேளாங்கண்ணியிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, உட்கார்ந்தே இடுப்பு விட்டுப்போன பெண்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நிழலில் துண்டை விரித்துச் சாய்ந்துவிட்டார்கள். பைகளிலிருந்து மெழுகுதிரி வாசனையும் ஓட்டலிலிருந்து பஜ்ஜி வாசனையும் கலந்து அடித்தன.

பிரிஸில்லா மட்டும் பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

கைபேசி மறுபடி துடித்தது. திரையில் தனக்கோடியின் பெயர். காலையிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கிறாள். எடுத்து என்ன சொல்வது?

இன்று வார்டு தேர்தல். பெங்களூரு நீலசந்திராவில் ஓட்டுப்பதிவு மாலை ஆறு மணியோடு முடிகிறது. அங்கே தனக்கோடி சுயேச்சையாக நிற்கிறாள், தையல் மெஷின் சின்னத்தில். அவளுக்கு விழவேண்டிய ஓட்டு ஒரு பஸ் நிறைய இங்கே புளியமர நிழலில் பஜ்ஜி தின்றுகொண்டிருக்கிறது. அத்தனை பேரையும் பேசிப் பேசி பஸ் ஏற்றியவள் பிரிஸில்லா. போன தேர்தலில் இப்போதைய கவுன்சிலர் கோவிந்தப்பா ஜெயித்த வித்தியாசமே இப்படி ஒரு பஸ் கூட்டம்தான்.

இரண்டு வருஷம் முன்பு பிரிஸில்லாவின் மகள் சிந்தியாவுக்கு மஞ்சள் காமாலை வந்து, பிழைப்பாளா என்று ஆகிவிட்டது. தெருக் குழாயில் சாக்கடை கலந்து வந்த தண்ணீர்தான் காரணம். எதிர் வீட்டுத் தனக்கோடி தெருக் கூட்டுகிறவள், புத்தர் படத்துக்கு முன்னால் விளக்கேற்றுகிறவள். அதே தண்ணீரை ஒரு செம்பில் பிடித்துக்கொண்டு போய் கவுன்சிலர் கோவிந்தப்பாவின் வாசலில் நின்றாள். "ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க சார், நான் திரும்பிப் போயிடறேன்." அவர் குடிக்கவில்லை. அன்றைக்கே தெரு முடிவு பண்ணிவிட்டது, அடுத்த தடவை இவள்தான் நிற்கவேண்டும் என்று.

பிரிஸில்லா வேறு பக்கமும் ஒரு காரியம் செய்திருந்தாள். மகள் பிழைத்தால் வேளாங்கண்ணிக்கு வந்து முழங்காலிலேயே மணலில் நடப்பதாக மாதாவுக்கு நேர்ந்திருந்தாள். பொம்மசந்திரா கார்மெண்ட்ஸில் செக்கர் வேலை. லீவு கிடைக்காது, கிடைத்தால் கையில் காசு இருக்காது. அப்போதுதான் கோயிலில் கிட்டார் வாசிக்கிற க்ளென் வந்தான். "அக்கா, வேளாங்கண்ணிக்கு ஃப்ரீ பஸ்! ஒரு பக்தரோட காணிக்கை. உங்க அன்பியத்துக்குத்தான் முதல் சான்ஸ்." அன்பியம் என்பது தெருவுக்குத் தெரு கூடி ஜெபம் சொல்லும் குழு, நீலசந்திராவில் அதற்குத் தலைவி பிரிஸில்லா.

அந்தப் பக்தர் யார் என்று கேட்கவேண்டிய அவசியமே இல்லை. அதே வாரம் பக்கத்துத் தெரு சிவப்புச் சேலைக்காரிகளுக்கு மேல்மருவத்தூர் பஸ்ஸும் கோவிந்தப்பா உபயம்தான். எந்தச் சாமியையும் அவர் விட்டுவைக்கவில்லை.

"ஓட்டுப் போட்டுட்டுப் போயேன்கா. சாமி எங்க ஓடிப்போவுது?" என்றாள் தனக்கோடி.

"வியாழக்கிழமை போயி சனிக்கிழமை விடியறதுக்குள்ள வந்துருவோம்டி. அவன் பஸ்ல போய் வந்து உனக்குக் குத்தினாதான் ருசியே!"

அந்த ருசிதான் இப்போது தொண்டையில் முள்ளாக நின்றது.

நேற்று மாலையே திரும்பியிருக்கவேண்டும். "இன்னிக்கு ராத்திரி தேர் பவனி இருக்கு, பார்த்துட்டுப் போலாமே" என்றான் க்ளென். மாதா தேரில் வரும்போது வேண்டாம் என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கு நாக்கு வரும்? காலையில் கிளம்பினால் வழியில் ஒரு மாதா கெபி, இன்னொரு கெபி, இரண்டு இடத்திலும் ஒரு ஜெபமாலை. கடைசியில் இந்த ஓட்டல். டிரைவர் கிரண் இறங்கி, "டீசல்ல ஏர் புடிச்சிடுச்சு, மெக்கானிக் வரணும்" என்று சொல்லிவிட்டு ஸ்டெப்னி டயர் மேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

மெக்கானிக் வந்தபாடில்லை. மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

போன் மறுபடி துடித்தது. இந்தத் தடவை எடுத்துவிட்டாள்.

"எங்கக்கா இருக்க?" தனக்கோடியின் குரலுக்குப் பின்னால் ஆட்டோ ஹாரன் சத்தம்.

"வண்டி ரிப்பேர்டி. சூளகிரி."

ஹாரன் சத்தம் தள்ளிப் போயிற்று. பிறகு, "ஓம்சக்தி பஸ்ஸும் ரிப்பேராம்கா" என்றாள் தனக்கோடி. "கிருஷ்ணகிரிகிட்ட நிக்குது. அங்கேயும் டீசல்ல ஏராம்."

பிரிஸில்லா போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"திட்டக்கூட தெம்பில்ல எனக்கு. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. அந்தாளு நம்ம ஆளுங்க ஓட்டை வாங்க பஸ் அனுப்பலக்கா. ஓட்டே விழாம இருக்க அனுப்பியிருக்கான்."

போன் அடங்கிவிட்டது. பிரிஸில்லா டிரைவரைப் பார்த்தாள். தினமும் நூறு சட்டையைத் திருப்பிப் போட்டுக் குறை பார்க்கிற கண். ரிப்பேர் வண்டி டிரைவரின் கையில் ஒரு பொட்டு கறுப்பு இல்லை. சட்டையில் இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை. பானெட்டைத் திறந்தவன் கையா இது?

நேராகப் போய் அவன் முன்னால் நின்றாள்.

"கிரண், வண்டிக்கு என்னப்பா?"

"சொன்னேனேக்கா. ஏர் லாக்."

"எந்திரி. உள்ள வா."

அவன் தயங்கித் தயங்கி வந்தான். ஸ்டியரிங்குக்கு மேலே தர்மஸ்தலத்து மஞ்சுநாத ஸ்வாமி படம். சாமந்தி சரம், அணையாத ஊதுபத்தி. கன்னட தேசத்தில் திருடன்கூட அந்தப் பெயரில் பொய்ச் சத்தியம் பண்ணமாட்டான். பஞ்சாயத்தில் தீராத வழக்கெல்லாம் மஞ்சுநாதர் ஆணை என்ற ஒரு சொல்லில் தீரும். பெங்களூரில் பிறந்து வளர்ந்த பிரிஸில்லாவுக்கு இது தெரியாதா?

கன்னடத்துக்கு மாறினாள். "ஸ்வாமி மேலே ஆணே மாடி ஹேளு. காடி கெட்டிதியா?"

ஸ்வாமி மேல் ஆணையிட்டுச் சொல், வண்டி கெட்டிருக்கிறதா?

கிரணின் முகம் சுண்டிவிட்டது. "பேடா அக்கா, வேணாம்..."

"கையை வை படத்து மேல. வெச்சு ரிப்பேர்னு சொல்லு. நான் வாயை மூடிக்கிட்டுப் போயிடறேன்."

அவன் கை பாதி தூரம் போய் நின்றது. திரும்பி வந்தது. இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"வண்டி நல்லா இருக்குக்கா."

பஸ் வாசலில் சத்தம் கேட்டது. கையில் பஜ்ஜியோடு க்ளென். பின்னால் டோரீன் ஆன்ட்டி, எழுபதைத் தாண்டிய வயதிலும் உதட்டுச் சாயம் கலையாத டோரீன் ஆன்ட்டி.

"என்னக்கா, பாவம் அவனைப் போட்டு..." என்று ஆரம்பித்தான் க்ளென்.

"நீ பேசாத. கிரண், அப்ப எடு வண்டியை."

"எடுக்க முடியாதுக்கா!" கிரண் அழுதுவிடுவான் போலிருந்தது. "நானும் ஆணே மாடியிருக்கேன். கோவிந்தப்பா அண்ணா இதே படத்து முன்னாடி கற்பூரம் கொளுத்தி, எங்க ரெண்டு டிரைவரையும் கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாரு. துட்டு மட்டும் குடுத்திருந்தா மூஞ்சில வீசிட்டு வந்துருவேன். இது ஸ்வாமி விஷயம். பொண்டாட்டி ஏழு மாசம்க்கா. நான் மீற மாட்டேன்."

க்ளெனுக்கு உயிர் வந்தது. "பார்த்தீங்களா? ஒரு மனுஷன் அவன் சாமிக்குக் குடுத்த வாக்கை மீறச் சொல்லலாமா? நீங்க அன்பியத் தலைவி. பாவம் இல்லையாக்கா?"

"அடேங்கப்பா" என்றாள் டோரீன். "என் தங்கச்சி மக அமெரிக்காவுல இருக்கா. அங்க பாஸ்டர் மேடையேறி யாருக்கு ஓட்டுன்னு கத்தறாராம். இங்க பாஸ்டரே வேணாம், பஸ்ஸே போதும்!"

பிரிஸில்லா சிரிக்கவில்லை. மண்டைக்குள் கடிகாரம் ஓடியது. இவனை மீறச் சொல்ல அவளுக்கும் மனசு வரவில்லை. நேர்ச்சை என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். முழங்கால் இரண்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. மணலில் பாதி தூரம் வந்து, போதும் என்று எழுந்திருக்கலாமா என்று தோன்றியபோது அவளை எழவிடாமல் செய்தது எதுவோ, அதுதான் இவன் கையையும் பிடித்து வைத்திருக்கிறது.

ஆனால் அவள் நேர்ந்தது மணலில் இந்தக் கோயிலிலிருந்து அந்தக் கோயில் வரைக்கும்தான். அதற்கு மேல் ஒரு அடி நடக்கவில்லையே?

"கிரண், என்ன சத்தியம் பண்ணினே? அவரு சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லு."

அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தான். "ஆறு மணிக்கு முன்னாடி இந்த வண்டியை நீலசந்திராவுக்குள்ள கொண்டு வர மாட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்க்கா."

"சூளகிரியில நிறுத்தறேன்னு சொன்னியா?"

"அது க்ளென் சொன்ன இடம்."

"அடுகோடிக்கு வர மாட்டேன்னு சொன்னியா?"

கிரண் கண்ணைத் திறந்தான். படத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். உதடு மட்டும் அசைந்தது. வார்த்தைகளை ஒருமுறை தனக்குள் ஓட்டிப் பார்க்கிறான். அடுகோடியிலிருந்து நீலசந்திரா நடக்கிற தூரம்.

"இல்லக்கா" என்றான் மெதுவாக. "அடுகோடி பத்திப் பேச்சே வரல."

க்ளென் சட்டென்று கையை நீட்டி ஸ்டியரிங் அடியிலிருந்து சாவியை உருவிப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். "விளையாட்டு போதும். மெக்கானிக் வரட்டும்."

அவன் படியை விட்டு இறங்கவில்லை. இறங்க டோரீன் விடவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"எடுடா சாவியை."

"ஆன்ட்டி, ப்ளீஸ், இது பாலிடிக்ஸ்..."

"நான் யாருடா உனக்கு?"

க்ளென் கையிலிருந்த பஜ்ஜியையும் அதே பாக்கெட்டில் திணித்தான்.

"சொல்லுடா! ஞானஸ்நானத் தொட்டிகிட்ட உன்னைத் தூக்கிப் பிடிச்சிருந்த கை இது. சாத்தானை விட்டுடறியான்னு சாமியார் கேட்டப்ப, உனக்குப் பேச்சு வராதுன்னு நான்தான் 'விட்டுவிடுகிறேன்'னு பதில் சொன்னேன். ஞானத்தாய் நான்! என்னைப் பொய்க்காரி ஆக்கறியா?"

பேசிக்கொண்டே அவன் பாக்கெட்டில் கையை விட்டாள். முப்பது வயசுத் தடியன் கூச்சம் தாங்காமல் நெளிந்தான். சாவியோடு பாதி பஜ்ஜியும் ஒரு கசங்கிய டிஷ்யூவும் வெளியே வந்தன.

பஸ் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆயிற்று. அந்தச் சத்தத்தைக் கேட்டு நிழலில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். பிரிஸில்லா ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினாள். "எல்லாரும் ஏறுங்கடி! நம்மள ஏமாத்திட்டானுங்க!"

ஓசூர் தாண்டினார்கள். அத்திப்பள்ளி சுங்கச்சாவடியில் வரிசை நகரவே மாட்டேன் என்றது. பஸ்ஸுக்குள் தூக்கம் கலைந்த பெண்களின் ஆத்திரம் கொதித்தது.

"தேர் பவனின்னு நிறுத்தினானே, அதுவும் இதுக்குத்தானா?"

"மாதாவைக் காட்டி மாட்டை மடக்கற மாதிரி மடக்கிட்டான்டி!"

க்ளென் கடைசி சீட்டில் போனைக் காதோடு அழுத்திக் குனிந்திருந்தான். யாரிடம் பேசுகிறான் என்பது ரகசியமில்லை.

கிரண் ஓட்டிக்கொண்டே ஸ்பீக்கரில் இன்னொரு டிரைவரைப் பிடித்தான். சிவப்புச் சேலை பஸ்ஸின் டிரைவர், அவனுடைய சித்தப்பா மகன். கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னான். "அடுகோடிக்குப் பேச்சே இல்லடா. நினைச்சுப் பாரு, என்ன சொன்னோம்?" "யோசிக்கறேன்" என்று வந்தது பதில். வைத்துவிட்டான்.

"யோசிக்கறானாம்!" பிரிஸில்லா கையைப் பிசைந்தாள்.

பொம்மசந்திரா. ஓட்டுக்காக விடுமுறை விட்டிருந்த ஃபேக்டரிகள் கேட்டைச் சாத்திக் கிடந்தன. அவள் வேலை செய்யும் கார்மெண்ட்ஸ் கட்டடம் ஜன்னலில் வந்து போயிற்று. எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் சும்மா கிடந்தது, கிரண் மிதித்தான். சில்க் போர்டில் மட்டும் தேர்தல் கீர்தல் ஒன்றும் தெரியாத டிராஃபிக். மடிவாளா. வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது. ஒவ்வொரு சிக்னலிலும் பிரிஸில்லா எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

அடுகோடி வந்ததும் கிரண் வேகத்தைக் குறைத்தான். "அக்கா, நீலசந்திரா எங்க ஆரம்பிக்குது?"

ஆளுக்கொரு பதில். சாக்கடைப் பாலத்திலிருந்து என்றாள் ஒருத்தி. இல்லை, கறிக்கடைக்கு அப்புறம் என்றாள் இன்னொருத்தி. கூகுள் மேப் மூன்றாவதாக ஓர் இடத்தைக் காட்டியது.

"ஸ்வாமிக்கு எது கணக்குன்னு எனக்குத் தெரியாதுக்கா. ரிஸ்க் வேணாம்." சொன்னவன் அங்கேயே, ஒரு வெல்டிங் கடை வாசலில், ஓரங்கட்டிவிட்டான். என்ஜினை அணைத்தான். "ஆறடிச்சதும் பின்னாடியே வர்றேன். போங்கக்கா. சீக்கிரம்!"

இறங்கினார்கள். பெட்டி, பை எல்லாம் பஸ்ஸிலேயே. ஆட்டோ ஏற்பாடு பண்ணலாமென்றால் ஓட்டர்களை வண்டி வைத்து அழைத்து வந்தார்கள் என்று கேஸ் போடக் கோவிந்தப்பாவின் ஆட்கள் காத்திருக்கிறார்கள். நடைதான். நடை சீக்கிரமே ஓட்டமாயிற்று. முழங்காலில் மணல் பட்ட புண் ஒவ்வொரு அடிக்கும் உரசியது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பிரிஸில்லா முன்னால் ஓடினாள். கடைசியாக டோரீன் ஆன்ட்டியை இரண்டு பெண்கள் இரண்டு கக்கத்திலும் தாங்கி ஏறக்குறையத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"மெதுவாடி! தேர் பவனி மாதிரி தூக்கிட்டு வந்து எறியறீங்களே!"

சாக்கடைப் பாலத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்து நின்றது. கோவிந்தப்பாவின் ஆள். போனை உயர்த்தி வீடியோ எடுத்தான். "எல்லாரும் பாருங்க, பஸ்ஸுல ஓட்டரைக் கொண்டாந்து இறக்கறாங்க! எலெக்‌ஷன் கமிஷனுக்கு அனுப்பறேன்!"

பிரிஸில்லா நின்றாள். மூச்சு வாங்கியது. கேமராவுக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனாள்.

"நல்லா எடுப்பா. என் பேரு பிரிஸில்லா. அந்த பஸ்ஸு அடுகோடியில வெல்டிங் கடை முன்னாடி நிக்குது, நம்பரையும் எடுத்துக்கோ. அதுக்குக் காசு குடுத்தது யாருன்னு உங்க அண்ணனையே கேட்டு அதையும் சேர்த்து அனுப்பு."

அவன் கை தானாகக் கீழே இறங்கியது. கூட்டம் மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் ஆறு மாதிரி பிரிந்து ஓடியது.

பள்ளிக்கூடத்து கேட். போலீஸ்காரர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டின் ஒரு பாதியை இழுத்துக்கொண்டிருந்தார். "சார்! சார்! நில்லி!" ஒருத்தி பின் ஒருத்தியாக உள்ளே விழுந்தார்கள். டோரீன் ஆன்ட்டியின் செருப்பு ஒன்று வெளியிலேயே தங்கிவிட்டது. கேட் மூடியது.

ஆறு.

உள்ளே இருந்த அதிகாரி வரிசையின் வாலிலிருந்து நம்பர் சீட்டு கொடுத்துக்கொண்டு வந்தார். சீட்டு வாங்கியவர்கள் எவ்வளவு நேரமானாலும் ஓட்டுப் போடலாம். கடைசியாக வந்த டோரீனுக்கு ஒன்றாம் நம்பர்.

"பார்றா" என்றாள் அவள், ஒற்றைச் செருப்போடு சுவரில் சாய்ந்து. "இந்த ஸ்கூல்லதான் அஞ்சாங்கிளாஸ் ஃபெயிலானேன். இன்னிக்கு ஃபர்ஸ்ட் வந்துட்டேன்."

கேட் கம்பிக்கு அந்தப் பக்கம் தனக்கோடி நின்றிருந்தாள். காலையிலிருந்து வெயிலில் நின்று முகம் கருகியிருந்தது. உள்ளே வந்துவிட்ட கூட்டத்தை அவள் பார்க்கவில்லை, தெருக்கோடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்புச் சேலை ஒன்றுகூட வரவில்லை.

பிரிஸில்லா கம்பியருகே போனாள்.

"தனம்."

தனக்கோடி திரும்பினாள். பேசாமல் தோள் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கம்பி வழியாக நீட்டினாள். "குடி. காய்ச்சின தண்ணிதான்."

பிரிஸில்லா குடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது.

"ஓம்சக்தி பஸ்ஸு..."

"வராதுக்கா. கிருஷ்ணகிரியை விட்டே இப்பத்தான் நகர்ந்துச்சாம். யோசிச்சு முடிக்கவே அந்த டிரைவருக்கு அவ்ளோ நேரம் புடிச்சுதாம்." கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள். "அது முழுக்க என் ஆளுங்க."

இது ஒரு பஸ், அது ஒரு பஸ். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று பெட்டி திறக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியாது. அதுவரை தூங்கவும் முடியாது.

தனக்கோடி திடீரென்று கேட்டாள். "வேளாங்கண்ணியில சிந்தியாவுக்காக நடந்தியா?"

"ம். முழங்காலெல்லாம் புண்ணு."

"எனக்கு ஏதாச்சும் வேண்டிக்கிட்டியா?"

பிரிஸில்லா யோசித்தாள். பொய் சொல்லியிருக்கலாம், இவள் கையில் மஞ்சுநாதர் படமொன்றும் இல்லை.

"இல்லடி. உனக்கு வேண்டிக்கல. உனக்கு ஓட்டுப் போடத்தானே வந்திருக்கேன்!"

"ஏ அம்மா!" போலீஸ்காரர் லத்தியால் கேட்டைத் தட்டினார். "க்யூவுல நின்னுக்கிட்டு கேன்வாஸ் பண்ணக் கூடாது. ஹோகி, ஹோகி. முன்னாடி போங்க."

தனக்கோடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று முழுவதும் வராத சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு, அடுத்த நிமிஷமே மறுபடி தெருக்கோடிக்குத் திரும்பிவிட்டாள்.

தூரத்தில் ஒரு பஸ் ஹாரன் கேட்டது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கிரண்தான். மணி ஆறு தாண்டிவிட்டது. சத்தியம் தீர்ந்த நிம்மதியில், பெட்டி பைகளையும் க்ளெனையும் ஏற்றிக்கொண்டு, நீலசந்திராவுக்குள் நிதானமாக நுழைந்துகொண்டிருந்தான்.

வரிசை ஓரடி நகர்ந்தது. பிரிஸில்லா சீட்டை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு முன்னால் போனாள்.